திடலில் நான்கு முட்டைகள்

விமானங்கள் புதிதாக வந்த காலம். ஊருக்கு வெளியே ஒரு புல்வெளியைச் சமன்படுத்தி, அதையே விமானத் திடலாக்கியிருந்தார்கள். காற்றை எதிர்த்து இறங்கினால்தான் விமானம் சீக்கிரம் நிற்கும் என்பதால், காற்று அடிக்கும் திசையைக் காட்ட, ஒரு கம்பத்தின் உச்சியில் நீளமான துணிப்பையைக் கட்டியிருந்தார்கள். திடலின் நடுவாக்கில், புல் தரையிலேயே ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டிருந்தது.

ஒருநாள் வானில் விமானத்தின் இரைச்சல் கேட்டது. குருவி பதறிப்போய்க் கம்பத்தடிக்கு ஓடியது.

“அண்ணே, உன்னைப் பார்த்துத்தானே விமானம் ஓட்டுறவன் இறங்குவான்? இந்தக் கோடியில இறங்கினா என் முட்டை மேலதான் வருவான். கொஞ்சம் திரும்பிக்கோ, அந்தக் கோடியில இறங்கட்டும்.”

“நான் பொய் சொன்னா, காத்து அவனைப் பின்னாலேருந்து தள்ளும்மா. விமானம் நிக்காம உன் முட்டை வரைக்கும் ஓடிவந்துடும்” என்றது துணிப்பை.

குருவிக்கு அது சாக்காகத்தான் பட்டது. “உள்ளே ஒண்ணுமே இல்லாத வெத்துப் பை நீ! பிள்ளை அருமை உனக்கெங்கே தெரியும்?” என்று கத்திவிட்டு ஓடிப்போய், முட்டைகளின் மேல் சிறகை விரித்து உட்கார்ந்தது.

விமானம் காற்றை எதிர்த்து இறங்கியது. சக்கரங்கள் தடதடவென்று உருண்டு வந்தன. குருவி கண்ணை மூடிக்கொண்டது. எதிர்காற்றில் வேகம் குறைந்துகொண்டே வந்து, குருவிக்குச் சற்று முன்னால் விமானம் நின்றுவிட்டது. விமானி இறங்கி வந்து பார்த்தான். முட்டைகளைச் சுற்றிக் குச்சிகளை நட்டு அடையாளம் வைத்துவிட்டுப் போனான்.

குருவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தயங்கித் தயங்கிக் கம்பத்தடிக்குப் போனது.

“அண்ணே, நான் பேசினதை மனசுல வெச்சுக்காதே.”

“என்ன பேசினே?” என்றது துணிப்பை. “காத்து பலமா அடிச்சுதா, எனக்கு ஒண்ணும் கேக்கலை.”