அகப்படாத பூச்சி

தெளிப்பானில் விஷத்தை இரண்டு மடங்காகக் கலந்து, கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்துவிட்டு, பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். இன்றைக்கு ஒன்று அது, இல்லை அவர்.

வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கும் மருமகள், ஃபைலும் கையுமாகக் கதவருகே வந்து எட்டிப் பார்த்தாள். "மாமா, தூங்கிட்டீங்களா?"

அவர் சின்னதாக ஒரு குறட்டை விட்டார். காலடிச் சத்தம் நகர்ந்தது.

காலையிலேயே அவளிடம் சபதம் போட்டிருந்தார். "அந்தச் சனியனை இன்னிக்குத் தீர்த்துக் கட்டிட்டு, நிம்மதியா போய்ப் படுத்துக்குவேன் பாரு!"

"படுத்துக்கவா?" என்றாள் அவள். முகம் ஏனோ வாடிப்போனது.

தோட்டம், காலமான அவர் மனைவி வைத்துவிட்டுப் போனது. அவள் போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த மனிதரை, கத்திரிச் செடியில் புழு விழுந்ததுதான் எழுப்பி உட்கார வைத்தது. அவள் செடியில் ஒன்றைக்கூடச் சாக விடுவதாக இல்லை.

புழுவை நசுக்கிக்கொண்டே வானத்துக்கு உத்தரவு போடுவார். "மழை ராத்திரி மட்டும் பெய்யணும், துணி காயறப்போ வரக் கூடாது. வெயில் பதமா அடிக்கணும். பூச்சி மொத்தமும் எதிர் வீட்டுக்குக் குடி போயிடணும்!"

"எதிர் வீட்டுக்காரர் என்ன வேண்டிக்கிறாரோ, மாமா!" என்று மருமகள் சிரிப்பாள்.

போன மாதம் கேட்டதெல்லாம் கிடைத்தது. அளவாக மழை, இதமாக வெயில், ஒரு பொட்டு இல்லாத இலைகள். செய்ய வேலை எதுவும் இல்லை. பெரியவர் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். சாப்பாட்டுத் தட்டு வைத்தது வைத்தபடி திரும்பிப் போனது.

அப்போதுதான் இந்தப் புதுப் பூச்சி வந்து சேர்ந்தது. இலைகளில் அச்சு வைத்தாற்போல் வட்ட வட்டமாக ஓட்டை. புழு இல்லை, முட்டை இல்லை, எச்சம்கூட இல்லை. பூதக்கண்ணாடியோடு தோட்டத்தையே சலித்தெடுத்துவிட்டார். வேப்பெண்ணெய்க்கும் மசியவில்லை, சாம்பலுக்கும் மசியவில்லை. அவர் கண் அசரும் மத்தியான நேரமாகப் பார்த்து வேலையைக் காட்டியது.

டக்.

ஜன்னலுக்கு வெளியே கேட்டது. பெரியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

டக். டக்.

தெளிப்பானை எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், சுவரை ஒட்டி நடந்தார். கத்திரிச் செடிகளுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. பூச்சி இத்தனை பெரிதாக இருக்காதே! சட்டென்று செடியை விலக்கி, விசையில் விரலை வைத்தார்.

"ஐயோ மாமா, அடிச்சிடாதீங்க!"

குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள் மருமகள். அவள் கையில், ஃபைல் காகிதங்களுக்கு ஓட்டை போடும் பஞ்சிங் மெஷின். அதன் வாயில் ஒரு கத்திரி இலை.

பெரியவர் தெளிப்பானைக் கீழே இறக்கினார். "நீயா? உன் அத்தை பெத்த பிள்ளை மாதிரி வளர்த்த செடிம்மா இது! உனக்கு அப்படி என்ன கோபம்?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பூச்சி இல்லேன்னா நீங்க எழுந்திருக்கவே மாட்டேங்கறீங்களே, மாமா!"