தீபாவளி வரைக்குமாவது

அவர் எழுந்திருக்கக் கூடாது.

எழுந்துவிட்டார். மைக் வேறு கைக்கு வந்துவிட்டது.

மாநகராட்சிக் கூட்ட அரங்கில் அத்தனை தலைகளும் அவர் பக்கம் திரும்பின. முன்வரிசையில் இருந்த வணிகர் சங்கத் தலைவர் தவசிக்கனி, உட்கார் என்று கண்ணாலேயே சொன்னார்.

காலையில் சங்கத்தில் பேசி முடித்ததுதான். பிளாஸ்டிக் பைக்குத் தடை போடலாமா என்று கருத்துக் கேட்கிறார்கள். நாம் சொல்ல வேண்டியது ஒரே சொல். முடியாது. அதற்கு முன்னாலும் ஒன்றும் வேண்டாம், பின்னாலும் ஒன்றும் வேண்டாம்.

பை மொத்த வியாபாரியான அவருக்குத்தான் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழைத்து வந்தார்கள். ஊரில் பாதிக் கடைகளுக்கு அவர் கொடுக்கிற பைதான். கிடங்கில் கூரை வரைக்கும் சரக்கு. வேறு வியாபாரம் தெரியாது.

முடியாது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

சொல்ல விட்டால்தானே.

முதலில் ஒரு கல்லூரிப் பேராசிரியர். செத்த மாட்டின் வயிற்றிலிருந்து எடுத்ததைத் திரையில் காட்டினார். காட்டிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் ஓர் ஓட்டல்காரர். "அப்போ சாம்பாரைத் துணிப்பையிலயா ஊத்திக் குடுக்க? நீங்களே பிடிச்சுக் காட்டுங்க சார்."

பேராசிரியர், தூக்குவாளி கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார்.

"ஆபீசுக்குத் தூக்குவாளியோட போறவன் யாருவே?" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

சாக்கடையை அடைப்பது பையா, சாக்கடையை அள்ளாத மாநகராட்சியா என்று அதில் அரைமணி போனது.

இடையில் மிக்சர் கொடுத்தார்கள். கவரில். அவருடைய சரக்குதான், தடவிப் பார்த்தாலே தெரியும்.

பையைப் பற்றி ஊரே பேசியது. பை விற்கிறவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாநகராட்சிக்காரர்கள் தடை என்று முன்பும் சொன்னவர்கள்தான். கொஞ்ச நாள் கடை கடையாக ஏறிப் பறித்தார்கள். அப்புறம் பறித்தவர்களே பையில் மீன் வாங்கிக்கொண்டு போனார்கள்.

கடைசியாகப் புது ஆணையர் பேசினார். சின்ன வயதுப் பெண். கையில் தாள் இல்லை. குரலை உயர்த்தவில்லை.

"திங்கட்கிழமையில இருந்து எந்தக் கடையிலயும் ஒரு பைகூட இருக்கக் கூடாது."

கருத்துக் கேட்டு முடிந்ததாம்.

அங்கேதான் அவர் எழுந்தது.

திங்கட்கிழமை என்பது அவர் காதில் கிழமையாக விழவில்லை. விலையாக விழுந்தது. அநியாய விலை. அப்படி ஒரு விலையைக் கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க அவர் வம்சத்தில் யாரும் பழகியதில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் நல்ல நேரத்தையே கொஞ்சம் தள்ளிக் கேட்டவர். டாக்டர் பத்து நாள் மாத்திரை எழுதினால் ஏழு நாளோடு நிறுத்துபவர்.

"அதெப்படிம்மா முடியும்? தீபாவளி வரைக்குமாவது விடுங்க."

"சரி" என்றார் ஆணையர்.



கடைத்தெருவில் ஒரு வழக்கம் உண்டு. எங்கும் எழுதி வைத்ததில்லை. விலை கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு போகலாம். வாய்க்குள் திட்டிக்கொண்டும் போகலாம். ஆனால் நீயாக ஒரு விலையைச் சொல்லி, அவன் சரி என்றுவிட்டால், எடுத்தே ஆக வேண்டும். எடுக்காமல் நகர்ந்தவனுக்கு மறுநாள் அந்தத் தெருவில் டீகூடக் கிடைக்காது.

அரங்கில் பாதிப்பேர் அந்தத் தெருக்காரர்கள். யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

தவசிக்கனி கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

முடியாது என்று சொல்லக் காத்திருந்தவர்கள் எல்லோரும் அதை மிக்சரோடு சேர்த்து விழுங்கினார்கள்.

ஆணையர் உதவியாளர் பக்கம் திரும்பினார். "தீபாவளிக்கு மறுநாள்ல இருந்து தடை. வியாபாரிகளே கேட்டுக்கிட்டபடி."

அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று சொல்லலாம். மைக் கையில்தான் இருந்தது.

அவரைக் குடைந்தது வேறு.

அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. அவ்வளவு வேகமாக ஒருத்தர் சரி என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கா தெரியாது? கூட்டிக் கேட்டிருந்தால் பொங்கல் வரை போயிருக்கும். சித்திரை வரைகூடப் போயிருக்கும்.

தன் கடையைத் தானே விலைபேசிக் கொடுத்துவிட்டார். அதுவும் அடிமாட்டு விலைக்கு.

மைக்கைக் கொடுத்துவிட்டு நடந்தார். வாசலில் தவசிக்கனி அவரைக் கடந்து போனார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"எவனோ கடைக்காரன் பெத்த பிள்ளைவே அந்தப் பொண்ணு" என்றார். "திங்கட்கிழமைன்னு முதல் விலை சொன்னப்பவே தெரிஞ்சிருக்கணும்."

வெளியே பேச்சியம்மாளின் தள்ளுவண்டி. கொய்யா.

அவருக்கென்று அவள் தனி விலை வைத்திருந்தாள். கூட்டிச் சொல்வாள். அவர் பாதியாக்குவார். அவள் தலையில் அடித்துக்கொள்வாள். இருவரும் திருப்தியாகப் பிரிவார்கள். வருஷக்கணக்காக இப்படித்தான்.

"கிலோ நூத்தியிருவது அண்ணாச்சி."

அவர் சட்டைப்பையில் கைவிட்டு, நோட்டுகளை எடுத்து நீட்டினார்.

பேச்சியம்மாள் வாங்கவில்லை. நோட்டைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள்.

"மேலுக்கு முடியலையா?"

அவர் நீட்டிய கையை மடக்கவில்லை.

"சரி, நூறு குடுங்க."

தராசில் அவளாகவே இன்னும் இரண்டு பழத்தைத் தூக்கிப் போட்டாள்.

"எம்பதுதான், போதும். வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்க அண்ணாச்சி."