வெறும் வண்டி

“தம்புள்ளை தாண்டினால் வெறும் வண்டிதான் பிள்ளை,” என்று நவரத்தினம் டீவியில் தெரிந்த பழைய வரைபடத்தில் விரலை வைத்தார்.

நாடு விட்டு வந்து குடியேறிய தகனினி நகரத்து வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. மகன் பிரதாபன் கட்டிக்கொள்ள விரும்பும் சிவானி முதன்முதலாக வந்திருந்தாள்.

பக்கத்து விரிப் பகுதியில் பார்த்த கிடங்கு வேலையை விட்டபிறகு நவரத்தினம் தமிழ்ச் சங்க மலருக்குக் கட்டுரை எழுதத் தொடங்கியிருந்தார். வெள்ளைக்காரன் காலத்து வடக்கு றோட்டைப் பற்றி. அவருடைய பூட்டனார் மன்னாரிலிருந்து அந்த வழியால் பத்து மாட்டு வண்டி விட்டவர். வழி மடங்களில் அரிசியை இறக்கி, மாத்தளையில் கோப்பி ஏற்றித் திரும்புவார்.

கோப்பித் தோட்டங்களுக்கென்று இந்தியாவிலிருந்து தோணியில் வந்து இறங்கிய சனம், அந்த வண்டிகளுக்குப் பக்கத்தால் நடந்து போகும்.

“வெறும் வண்டியில ஏத்தியிருக்கலாமே அங்கிள்?” என்று சிவானி கேட்டாள்.

“ஏத்தினால் வண்டிக்காரனுக்கும் பேதி வந்திடுமெல்லோ! விழுந்த ஆளுக்குச் சிரட்டையில தண்ணி வைச்சிட்டுப் போய்க்கொண்டே இருப்பினமாம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மேசையில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

“எங்க ஆளுங்க அந்த ரோட்டுல நடந்தவங்க, அங்கிள். ஏழு பேர் தோணியில இருந்து எறங்குனாங்க. மூணு பேர்தான் மலைக்குப் போய்ச் சேந்தாங்க. தலவாக்கலைப் பக்கம், கரும்பாறைத் தோட்டம். அப்பாவும் அம்மாவும் அங்கயே பொறந்தவங்க.”

பிரதாபன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

வீட்டுக்கு வருகிறவர்களை ஊர், தெரு, கோயில் என்று குடைந்தெடுக்கும் அவன் அம்மா ரதிதேவி அன்றைக்கு ஒன்றுமே கேட்கவில்லை. சிவானி போதும் போதும் என்ற பிறகும் அவள் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சிவானி போன பிறகு நவரத்தினம் டீவியை நிறுத்தினார்.

“நல்ல பிள்ளை. என்ர முகத்துக்கு நேரையே சொல்லிப்போட்டுது. கட்டுரையை நான் முதல்ல இருந்து எழுதவேணும்,” என்றார். “எனக்கு ஓம். உனக்கென்ன ரதி?”

பிரதாபனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் பயந்ததெல்லாம் அப்பாவுக்குத்தான்.

“தோட்டக்காட்டுச் சனம் என்ர வீட்டுக்க வேண்டாம்,” என்றாள் ரதிதேவி.

“அம்மா! ஆர் யூ சீரியஸ்?”

“அவளின்ர தாய் தேப்பன் இந்தப் படி மிதிக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

பிரதாபன் கார்ச் சாவியை எடுத்தான். கதவை அடித்துச் சாத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். சத்தமில்லாமல் மூடிவிட்டுப் போனான்.

“முப்பத்திநாலு வருசத்தில உன்னட்ட இப்பிடி ஒரு கதை நான் கேக்கேல்லை,” என்றார் நவரத்தினம், யாரோ அந்நியப் பெண்ணிடம் பேசுவதுபோல.

அவள் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள்.

சிவானியின் அம்மாவுக்கும் தன் வயதுதான் இருக்கும். பார்த்த உடனே அடையாளம் கண்டுவிடுவாள்.

பெண் பார்க்க வந்த நவரத்தினம் வீட்டாரிடம் தன் ஊர் ‘வவுனியா’ என்று சொல்வதற்கு முன்னால், கரும்பாறைத் தோட்டத்து தொழிலாளர் குடியிருக்கும் மேல் லயத்தில், ஏழாம் காம்பிரா அறையில், ரதிதேவிக்கு வேறு பெயர் இருந்தது.