புது வெர்ஷனில் எல்லாம் தெரியும்

கவரைப்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில் இருக்கும் வீடியோ கடைக்குள் பரசுராமன் நுழைந்ததும், கடைக்காரன் மோசஸ் சட்டென்று கம்ப்யூட்டர் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். கூட வந்த மச்சான் வரதன் அதைப் பார்த்துவிட்டார். வரதன் கண்ணுக்கு எதுவும் தப்பாது. பார்த்ததை ஊருக்குச் சொல்லாமலும் அவரால் இருக்க முடியாது.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை பரசுராமனின் மகள் இளமதிக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்குப் போட்ட மூன்று சவரன் சங்கிலி மண்டபத்திலேயே காணாமல் போய்விட்டதாம். செவ்வாப்பேட்டைச் சம்பந்தியம்மா ஜோதிலட்சுமி ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள். களவு போனது பெண் வீட்டு ஜனத்துக்கு நடுவில், அதனால் வேறு சங்கிலி போட்டுவிடுங்கள், அதுவரை பெண் உங்களிடமே இருக்கட்டும் என்றாள். மறுவீட்டுக்கு வந்த இளமதியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு போகத்து நெல் முழுவதையும் கல்யாணத்தில் கரைத்த பரசுராமன் இன்னொரு சங்கிலிக்கு எங்கே போவார், பாவம்.

"வீடியோவப் போட்டுக் காட்டு நைனா. எவன் எடுத்தான்னு பாத்துடலாம்" என்றார் அவர்.

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது மோசஸின் முகம். ஃபேன் ஓடியும் வேர்த்தது. இப்போது பார்க்க முடியாது என்றான். எடிட்டிங் சாஃப்ட்வேரை இன்று காலையில்தான் புது வெர்ஷனுக்கு மாற்றினானாம், கல்யாணத்தை அதில் ஏற்றச் சாயங்காலம் ஆகுமாம். சரி, கேமரா கார்டையாவது கொடு என்றார் வரதன். அதன்மேல் ஞாயிற்றுக்கிழமைக் காதுகுத்து விழாவை எடுத்தாகிவிட்டது என்றான்.

வரதன் பரசுராமனை வெளியே இழுத்துப் போனார்.

"மேடையில மாப்ளய ஒட்டி நின்னுகினு இருந்தவன் இவன்தான் மாமா. மூஞ்சியப் பாத்தல்ல?"

மறுபடி உள்ளே வந்து, காட்டுகிறாயா, போலீஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். அப்போதுதான் மோசஸ் வாய்க்கு வந்ததை அள்ளிவிட்டான்.

"இது பழைய வெர்ஷன் மாதிரி இல்லணா. முதுகக் காட்டிக்கினு நின்னாலும் மூஞ்சி தெரியும். கைய மூடிக்கினு இருந்தா உள்ள இன்னா இருக்குன்னு தெரியும். அதுக்குத்தான் டைம் கேக்குது."

முன்பெல்லாம் களவு போனால் மை போட்டுப் பார்ப்பார்கள். இது அந்த மைக்கெல்லாம் அப்பன் என்று வரதனுக்குப் பட்டது. மோசஸ் ஓடிவிடாமல் இருக்க வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சும்மா உட்கார முடிகிறதா? இரண்டு வீட்டாரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் சங்கதியைப் போட்டுவிட்டார்.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்! அரை மணி நேரத்தில் பரசுராமனின் சித்தப்பா மகன் வந்து, மண்டபத்தில் மாறிப்போச்சு என்று ஒரு ஜோடி புதுச் செருப்பை வைத்துவிட்டுப் போனான். அத்தை ஒருத்தி பதினெட்டுத் தாம்பூலப் பைகளைக் கொண்டுவந்து, பேரன் தெரியாமல் எடுத்துவிட்டான் என்றாள். பேரனுக்கு எட்டு மாதம். மண்டபத்து எவர்சில்வர் வாளி வந்தது. வெள்ளிச் சந்தனக் கிண்ணம் வந்தது, அது காணாமல் போனதே யாருக்கும் தெரியாது. நடுவில் வரதனும் ஒரு நடை வீட்டுக்குப் போய்வந்தார். அதன்பிறகு குவியலில் ஒரு குத்துவிளக்கு கூடியிருந்தது.

சங்கிலி மட்டும் வரவில்லை. பரசுராமன் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். ஐந்து மணிக்கு அவர் போன் அடித்தது. ஜோதிலட்சுமிதான்.

"சங்கிலி எங்க ஊட்டு பீரோலயே இருந்துச்சு சம்பந்தி, பட்டுப்பொடவ மடிப்புல. அந்த வீடியோவெல்லாம் இன்னாத்துக்குப் பாத்துக்கினு? பொண்ண நாளைக்கே வந்து அழச்சிக்கினு போறோம்."

பரசுராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. மோசஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சந்தேகப்பட்ட பாவத்துக்கு வரதன் டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தார். மகளிடம் சொல்லக் கிளம்பிய பரசுராமன், அவசரமில்லை, கல்யாண வீடியோவை நிதானமாகவே கொடு நைனா என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் தெருமுனை தாண்டியதும் மோசஸ் ஷட்டரை இறக்கிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

புது வெர்ஷனை ஏற்ற இடம் போதவில்லை என்று காலையில் அவன் அவசரமாக அழித்த ஃபோல்டரில்தான் இளமதியின் கல்யாணம் மொத்தமும் இருந்தது.