கூரை முட்டிய சுவர்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரைக்குக் கீழ் குடும்பத்துக்கொரு காம்பராவாக அறைகள் வரிசையாயிருந்த அந்த லயம் எரிந்ததற்கு நடுச்சுவர்கள்தான் காரணம். எல்லாம் ஆள் உயரத்தோடு நின்றவை; அதற்கு மேல் கூரை வரைக்கும் வெறும் வெளி. முதல் காம்பராவில் பிடித்த தீ கூரைக்கடியிலேயே ஓடி, கடைசிக் காம்பராவில் காய்ச்சலோடு படுத்திருந்த பேச்சியம்மாவைக் கொண்டுபோய்விட்டது.

திரும்பக் கட்ட வந்த மேசன் பாஸ் புதுக் கல் கேட்கவில்லை.

"கல்லு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வீசணும்?" என்று எரிந்த கல்லையே அடுக்கி, சுவரைத் தகரம் முட்ட ஏற்றி, இடுக்கெல்லாம் பூசினார். "இனி புகைகூடத் தாண்டாது."

கடைசிக் காம்பரா பூட்டியே கிடந்தது.

ஒரு மழை விடியலில் பக்கத்துக் காம்பரா ராக்கம்மாவின் அடுப்பு அணைந்திருந்தது. நெருப்புப்பெட்டி நமத்துவிட்டது. வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிறதென்ற அவசரத்தில், பழைய பழக்கமாகச் சுவரைத் தட்டினாள்.

"அக்கா, கொஞ்சம் நெருப்பு குடுங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. முன்பெல்லாம் பேச்சியம்மா, சிரட்டையில் சாம்பல் பரப்பித் தணல் வைத்து, சுவருக்கு மேலாக நீட்டுவாள்.

ராக்கம்மா நாலு வீடு தள்ளிப் போய் நெருப்புப்பெட்டி வாங்கி வந்தாள். அடுப்படியில் ஒரு சிரட்டை இருந்தது. சாம்பலுக்கு மேல் தணல் சிவந்து கிடந்தது. அண்ணாந்து பார்த்தாள். பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை. காம்பராவில் இருந்த அவள் பிள்ளை இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது.

தணலை அடுப்பில் கொட்டித் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.

அந்தப் பக்கமிருந்து சுவர் மெதுவாகத் தட்டப்பட்டது. கொடுத்த சிரட்டையைத் திருப்பிக் கேட்க, பேச்சியம்மா அப்படித்தான் தட்டுவாள்.