பக்கத்துப் படுக்கை

ஆகஸ்டு மாதம் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணிக்கு, தையற்காரம்மா டயாலிசிஸ் கூடத்தின் கடைசிப் படுக்கையில் இடக்கையை நீட்டிப் படுத்திருந்தாள். இன்றோடு இதை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தே வந்திருந்தாள்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு.

மகளிடம் சொல்லவில்லை. டாக்டர் சுற்றி வரும்போது அவரிடமே நேராகச் சொல்லிவிடுவதாக இருந்தாள். ஆண்டவரிடம் மட்டும் முன்னதாகவே சொல்லியாயிற்று. அவர் வழக்கம்போல வாய் திறக்கவில்லை.

சுகம் தாரும் என்று கேட்பதை அவள் எப்போதோ விட்டிருந்தாள். ஆண்டுக்கணக்காக அவள் ஜெபத்தில் எஞ்சியிருந்தது ஒரே கேள்விதான்: என்னை எதற்காக இன்னும் வைத்திருக்கிறீர்?

அந்தக் கேள்வியோடு ஒரு புகாரும் ஒட்டிக்கொண்டு மேலே போகும். அழுகிறவர்கள், அலறுகிறவர்கள், ஊசியைக் கண்டதும் எழுந்து ஓடப் பார்க்கிறவர்கள் எல்லாரும் அவளுடைய பக்கத்துப் படுக்கைக்கே வந்து சேர்ந்தார்கள். சிறுநீரகம் போனது போதாதென்று இது வேறு. வேறு படுக்கை தரும்படி தலைமை நர்ஸிடம் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்.

இன்றும் ஒருவர் வந்தார். பஸ் ஓட்டுநராம், மலை போன்ற உடம்பு. ஊசியைப் பார்த்ததும் முகம் வெளுத்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

தையற்காரம்மா கண்களை மூடிக்கொண்டாள். கடைசி நாளாவது நிம்மதியாகக் கழியட்டும் என்று பார்த்தாள். முடியவில்லை.

"ஏன் தம்பி, அவ்வளவு பெரிய வண்டிய ஓட்டுறீங்க, இத்தனூண்டு ஊசிக்கா இந்த நடுக்கம்? நாப்பது வருஷம் ஊசியோடயே குடும்பம் நடத்துனவ சொல்றேன், குத்துற வரைக்குந்தான் அது பெரிய ஆளு. உக்காருங்க. அதப் பாக்காதீங்க, என்னப் பாருங்க."

அவர் உட்கார்ந்து அவளையே பார்த்தார். அவள் முறைத்துக்கொண்டே இருந்தாள். ஊசி ஏறியது.

"சிஸ்டர், பயந்தாங்கொள்ளிங்க எல்லாம் எப்படி எனக்குன்னே வந்து வாய்க்குது?"

தலைமை நர்ஸ் பிளாஸ்திரியை ஒட்டியபடி நிமிராமல் சொன்னார்: "தானாவா வருது? நாங்கதாம்மா கொண்டாந்து போடுறோம். வேற எடத்துல போட்டா பாதிப் பேரு மறுதடவ வர்றதில்ல. உங்ககிட்டத் திட்டு வாங்குனவங்க ஒருத்தர்கூட வர்றத நிறுத்துனதில்ல."

தையற்காரம்மா தலையைத் திருப்பிக் கூடத்தைப் பார்த்தாள்.

முன்பு எழுந்து ஓடப் பார்த்தவர் இப்போது செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஊரைக் கூட்டி அலறியவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். களைப்பு அப்படியேதான் இருந்தது; அதில் இம்மியும் குறையவில்லை. முன்னமே சொல்லியிருக்கலாமே என்று ஆண்டவரிடம் சற்றுக் கோபித்துக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு டாக்டர் வந்து, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். ஓட்டுநருக்குக் குளிர்கிறது, இன்னொரு போர்வை கொடுக்கச் சொல்லுங்கள் என்றாள்.

வியாழக்கிழமை வருவதென்று முடிவாயிற்று. படுக்கையை மாற்றித் தர வேண்டும் என்ற கோரிக்கை கைவிடப்பட்டது.