வெறும் தண்ணி

“அக்காவோட கை ஒண்ணு போதும், கதை முடிஞ்சுது,” என்று சபைத் தலைவர் செயலாளரின் காதைக் கடித்தார். அதற்காகவே காலையில் தானே காரில் போய்த் தன் கூடப்பிறந்த அக்காவை அழைத்து வந்து, முன்வரிசையில் மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார வைத்திருந்தார்.

அக்கா தம்பியைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஊரே வெள்ளத்தில் துண்டுபட்டுக் கிடந்த நாளில், மூச்சுப்பேச்சு இல்லாமல் பிறந்த தம்பி அது. அன்று அழாததற்கும் சேர்த்துத்தான் இன்று வாய் மூடாமல் பேசுகிறான் என்று அக்கா கேலி செய்வார்.

இறையியல் படித்துவிட்டு மருத்துவமனையில் ஊழியம் செய்யும் பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்று அந்த லுத்தரன் சபை இன்று முடிவு செய்ய வேண்டும். இன்று விட்டால் அவளுக்கு இனி வாய்ப்பே இல்லை. அவள் சுவரோரமாக நின்றாள். உட்காரச் சொல்ல ஒருவருக்கும் மனசு வரவில்லை.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்த தலைவருக்கு அவல் கிடைத்திருந்தது. “சாகக் கிடந்த பச்சைக் குழந்தைக்கு இந்தப் பொண்ணே ஞானஸ்நானம் கொடுத்திருக்கு. யார் கொடுத்த அதிகாரம்?”

“போதகர் வர்ற வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொன்னார் ஐயா. அவசரத்துல விசுவாசி யார் வேணும்னாலும் கொடுக்கலாம்னு நம்ம சபை முறையிலேயே இருக்கே,” என்றாள் அவள்.

“யார் வேணும்னாலும்னா, ஆம்பளை யார் வேணும்னாலும்.”

சிலர் சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்த அந்தக் குழந்தையின் தாய் மட்டும், பிழைத்து வந்த பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

“பொம்பளை ஊத்தினா அது வெறும் தண்ணி. அந்தக் குழந்தைக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகலை. இது தலைவரோட தீர்ப்பு, எழுதிக்குங்க,” என்றார் தலைவர். செயலாளர் மறு பேச்சில்லாமல் எழுதிக்கொண்டார்.

வாக்கெடுப்பு தொடங்கியது. குருப்பட்டம் வேண்டும் என்றவர்கள் முதலில் கை தூக்கினார்கள். அந்தப் பெண் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றவர்கள் அடுத்துத் தூக்கினார்கள். தலைவர் தன் கையையும் தூக்கினார்.

இரண்டு பக்கமும் சரிக்குச் சரி. எண்ணிப் பார்த்த செயலாளருக்கு வியர்த்துவிட்டது. அக்காவின் இரண்டு கைகளும் இன்னும் மடியில்தான் இருந்தன.

“என்னக்கா, கண்ணசந்துட்டியா? கையைத் தூக்கு,” என்றார் தலைவர், சிரிப்பு மாறாமல்.

“தூக்கறேன். அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு சந்தேகம். ஞானஸ்நானம் ஆகாதவங்க இந்தக் கூட்டத்துல ஓட்டுப் போடலாமா?”

தலைவர் பின்வரிசைத் தாயை ஓரக்கண்ணால் பார்த்தார். அக்கா தன் வழிக்கு வந்துவிட்டார் என்று அவருக்கு ஒரே குஷி.

“கூடவே கூடாது. சபையில உறுப்பினரே கிடையாது, அப்புறம் எங்க ஓட்டு? அப்படி யாராவது இங்க இருந்தா இப்பவே எந்திரிச்சு வெளிய போயிடணும்.”

“அதுல மாத்தம் இல்லையே?”

“சொன்னா சொன்னதுதான்.”

அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

“அப்போ எந்திரிடா தம்பி. அன்னிக்கு வெள்ளத்துல போதகர் வரலை. உன் தலையில தண்ணி ஊத்தினது நான்தான்.”